பத்திரத்தில் ‘பிரிபடாத’ என்று இருந்தால் என்ன பொருள்?

வந்த கேள்வி:
அண்ணன் தம்பி மூவருக்குப் பொதுவான 1 ஏக்கர் 20 சென்ட் பூமியில் நடு அண்ணன் பாகத்தைக் கிரயம் வாங்கியிருக்கிறேன். பத்திரத்தில் ‘பொதுவில் பிரிபடாத 3ல் 1 பாகம்’ என்று இருக்கிறது. இன்னும் அளந்து கல் நடவில்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்? அவர் எனக்குக் காட்டியது தார்ச்சாலையை ஒட்டிய 40 சென்ட். வேலி போடப் போனால் மூத்தவர் வந்து மறிக்கிறார். மறிக்க அவருக்கு உரிமை உண்டா?

ஜூன் 4, காலை

உண்டு. அவர் மறித்தது சட்டப்படி சரி.

‘பிரிபடாத’ என்பதை ‘அளக்காத’ என்று படித்துவிட்டீர்கள். பத்திரம் எழுதுவது என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் படிக்கிறார்கள். அளக்காத நிலம் என்றால் உங்கள் துண்டு ஓரிடத்தில் இருக்கிறது, சங்கிலி பிடித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிரிபடாத பாகத்தில் அப்படி ஒரு துண்டே இன்னும் உண்டாகவில்லை. தார்ச்சாலை ஓரத்து மண்ணிலும் உங்களுக்கு மூன்றில் ஒன்று, பின்கோடியில் இருக்கும் பாறையிலும் மூன்றில் ஒன்று. மூத்தவருக்கும் அதேதான், இளையவருக்கும் அதேதான்.

உங்களுக்கு விற்றவரிடம் இருந்தது அந்த மூன்றில் ஒன்று மட்டுமே. சாலை ஓரத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. கையை நீட்டிக் காட்டியதால் அது வந்துவிடாது.

பயப்பட ஒன்றுமில்லை. கிரயம் செல்லும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 44ஆம் பிரிவு: கூட்டு உரிமையாளர் ஒருவர் தன் பாகத்தை விற்றால், வாங்கியவர் அவர் இடத்துக்கு வருகிறார். பொதுவில் அனுபவிக்கும் உரிமையும், பிரித்துக் கொடு என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. வேலிக்கு முன்னால் பாகப் பிரிவினை நடக்க வேண்டும், அதுதான் பாக்கி.

ஜூன் 4, இரவு

கேட்டவர் தபசிலை, அதாவது பத்திரத்தில் சொத்தை விவரிக்கும் பகுதியை, தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார். பெயர்களை எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன், எல்லாருக்கும் உதவும்.

“வடக்கே தார்ச்சாலை, தெற்கே ஓடை, கிழக்கே வேறொருவர் பூமி, மேற்கே வாய்க்கால் – இதன் மத்தியில் புஞ்சை ஏக்கர் 1.20. இதில் பொதுவில் பிரிபடாத 3ல் 1 பாகத்துக்கு ஏக்கர் 0.40.”

நன்றாக எழுதப்பட்ட தபசில் இது. நான்கு எல்லையும் முழு 1.20க்கு உரியவை, 40 சென்ட்டுக்கு அல்ல. ‘இதன் மத்தியில்’ என்று முடித்த பிறகுதான் ‘இதில்’ என்று ஆரம்பிக்கிறது. நடுவில் உள்ள ‘பொதுவில்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள். அது ‘பிரிபடாத’வுக்குத் துணைச்சொல்: எங்கே என்று கேட்டால், எங்கும் என்று சொல்கிறது.

வடக்கே தார்ச்சாலை என்று பார்த்தவுடன் தனக்குச் சாலை ஓரம் கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். சாலை 1.20க்கு எல்லை.

பிரச்சினையான பத்திரம் வேறு மாதிரி இருக்கும். அதில் முதல் வரியில் ‘பிரிபடாத 3ல் 1 பாகம்’ என்று எழுதியிருப்பார்கள். தபசிலில் 40 சென்ட்டுக்கே தனியாக நான்கு எல்லை போட்டு, தெற்கே ‘மீதி பூமி’ என்றும் சேர்த்திருப்பார்கள். ஒன்று இருந்தால் மற்றது இருக்க முடியாது. வாங்குகிறவரைச் சந்தோஷப்படுத்த அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பெரிய துரோகமாகத்தான் படுகிறது, ஏனென்றால் அந்த வரி மற்ற பங்காளிகளைக் கட்டுப்படுத்தாது. வாங்கியவர் மட்டும் அதை நம்பிக் கல் நடுவார்.

ஜூன் 5

“அப்போ ஒவ்வொரு புல்லிலும் மூன்றில் ஒன்றா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிரிப்புக்குக் கேட்டாலும் பதில் ஆமாம்தான். ஒரு பங்காளி அந்த நிலத்தில் தனியாக உழுது வந்தால்கூட, அது எல்லாருக்காகவும் வைத்திருக்கும் அனுபவமாகவே எடுத்துக்கொள்ளப்படும். ‘இருபது வருஷமாக நான்தான் உழுகிறேன், எனக்கே சொந்தம்’ என்று பங்காளியிடம் சொல்லி ஜெயிப்பது கடினம். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்களுக்குத் தெரியும்படி வெளியே வைத்திருந்தார் என்று நிரூபிக்க வேண்டும்.

ஜூன் 9

பிரிபடாத, பிரிவுபடாத, பிரிக்கப்படாத, பிரிவினை ஆகாத, பாகம் ஆகாத. எல்லாம் ஒன்றுதானா என்று கேட்கிறார்கள். பத்திரத்தில் பொதுவாக ஒன்றாகவே நடமாடுகின்றன, எதை எழுதினாலும் நீதிமன்றம் ஒரே மாதிரிதான் படிக்கும். என் கை ‘பிரிபடாத’ என்றுதான் எழுதும்.

கவனிக்க வேண்டியது எதிர்ச்சொல்லில். ‘பிரிந்த’ என்பதற்கு மூன்று நிலை இருக்கிறது.

குடும்பம் பிரிந்தது ஒரு நிலை. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் ‘நான் தனி’ என்று தெளிவாக மற்றவர்களுக்குத் தெரிவித்தாலே உரிமை அளவில் பிரிந்துவிடுகிறார், நிலத்தில் ஒரு கோடும் விழவில்லை. பாகம் எத்தனை என்று முடிவானது அடுத்த நிலை. நிலம் அளந்து, கல் நட்டு, இன்னாருக்கு இந்தத் துண்டு என்று ஆனது மூன்றாவது. ‘நாங்கள் எப்போதோ பிரிந்துவிட்டோம்’ என்று ஒரு பெரியவர் சொல்லும்போது எந்தப் பிரிவைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பேனாவை எடுக்கக் கூடாது. அடுப்பு தனியானதைச் சொல்கிறவர்களும் உண்டு.

நீதிமன்றமும் இந்தப் படிகளைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. பாக வழக்கில் முதலில் முதனிலைத் தீர்ப்பாணை வரும். அது உங்களுக்கு 3ல் 1 என்று சொல்லும், இடம் சொல்லாது. அப்புறம் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து அறிக்கை கொடுத்து, இறுதித் தீர்ப்பாணை வந்த பிறகுதான் துண்டு. முதல் தீர்ப்பு வந்ததும் இனிப்பு கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் அப்படியே விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது இன்னமும் பிரிபடாத பாகம்தான்.

ஜூன் 13

சென்னையிலிருந்து ஒரு சகோதரி: “நாங்கள் அடுக்குமாடியில் வீடு வாங்கினோம். அதிலும் ‘பிரிபடாத பாகம் 560 சதுர அடி’ என்று இருக்கிறது. இதையும் ஒருநாள் அளந்து பிரித்துக் கொள்ளலாமா?”

முடியாதும்மா. சொல் அதேதான், ஆனால் இங்கே அதன் குணம் வேறு. காட்டில், அதாவது விவசாய பூமியில், ‘பிரிபடாத’ என்பது ஒரு தற்காலிக நிலை: இன்று பிரியவில்லை, என்றைக்காவது பிரியும். அடுக்குமாடியில் அது நிரந்தரம். உங்கள் வீடு மூன்றாவது மாடியில் அந்தரத்தில் நிற்கிறது. கீழே உள்ள மண் எல்லாருக்கும் பொது. அந்த நிலப் பாகத்தை வீட்டிலிருந்து பிரித்து விற்கவும் முடியாது. தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, வீட்டோடு ஒட்டியதாகத்தான் அதை வைத்திருக்கின்றன.

அப்படியானால் 560 என்ற எண் எதற்கு என்றால், கட்டடம் பழசாகி இடிக்கும் நாளில் உங்களிடம் மிஞ்சுவது அதுதான். கணக்கு எளிது. உங்கள் மனை 2 கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி. 1,000 சதுர அடியில் 8 வீடு, ஆக மொத்தக் கட்டடம் 8,000. உங்கள் 1,000ஐ 8,000ஆல் வகுத்து 4,800ஆல் பெருக்கினால் 600 வர வேண்டும்.

உங்களுக்கு 560 வருகிறது. எட்டு வீட்டுப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

ஜூன் 14

கூட்டிப் பார்த்துவிட்டார். எட்டிலும் 560. ஆக 4,480. பாக்கி 320 சதுர அடி யாரிடம்?

விற்காத பாகம் முதலில் வைத்திருந்தவரிடமே இருக்கும். அதாவது மனையின் பழைய உரிமையாளரோ கட்டியவரோ அந்த 320க்கு இன்னும் உங்கள் கூட்டு உரிமையாளர். வாகன நிறுத்தத்துக்கும் மொட்டை மாடிக்கும் என்று அவர்கள் சமாதானம் சொல்வார்கள். அது பொருந்தாது. பொது இடங்களும் எட்டு வீட்டுக்காரர்களின் பாகத்துக்குள் அடக்கம், அதற்கென்று தனி நிலப் பாகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. சாலைக்கோ பூங்காவுக்கோ உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த நிலம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். தானப் பத்திரம் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள்.

இன்று அந்த 320 யாரையும் உறுத்தாது. மறுகட்டுமானப் பேச்சு வரும்போது உறுத்தும். 2022 சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப் பரப்புக் குறியீடு 2. எனவே ஒவ்வொரு சதுர அடி மண்ணுக்கும் இரண்டு சதுர அடி கட்டடம் எழும்பும். பங்கு போடும் நாளில் 320 பேசும்.

இன்னொன்று. 2023 டிசம்பரிலிருந்து இங்கே புது அடுக்குமாடி வீட்டை நிலப் பாகமும் கட்டடமும் சேர்த்து ஒரே மதிப்பில் பதிகிறார்கள். அதற்கு முன்னால் பிரிபடாத பாகத்துக்கு மட்டும் கிரயப் பத்திரம், கட்டடத்துக்கு ஒரு கட்டுமான ஒப்பந்தம் என்பதுதான் நடைமுறை. அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் ‘என் பத்திரத்தில் வீடே இல்லை, வெறும் மண்தான் இருக்கிறது’ என்று பதறி வருவார்கள். பதற வேண்டாம், ஒப்பந்தத்தையும் கூடவே பத்திரமாக வைத்திருங்கள்.

ஜூன் 15

அந்தப் பழைய முறையில் ஒரு நன்மையும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பத்திரம் முழுக்க நிலப் பாகம் பற்றியே இருந்ததால் வாங்குகிறவர் அந்த எண்ணை ஒரு தடவையாவது உரக்கப் படித்தார். இப்போது வீட்டின் சதுர அடியிலேயே கண் நின்றுவிடுகிறது.

ஜூன் 20

“பூர்வீகச் சொத்தில் என் பாகமும் பிரிபடாததுதானே, அதை ஏன் எத்தனையில் ஒன்று என்று எழுத மாட்டேன் என்கிறார்கள்?” நல்ல கேள்வி. நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

பிரிபடாத பாகம் என்றால் இடம் நிச்சயமில்லை, அளவு நிச்சயம். பழைய கூட்டுக் குடும்பச் சொத்தில் அளவே நிச்சயமில்லை. குடும்பம் பிரியாத வரை, ஒரு பிறப்பு வந்தால் பாகம் சுருங்கும்; 2005க்கு முன்பு ஒரு இறப்பு வந்தால் விரியவும் செய்தது. இன்று 4ல் 1 என்று எழுதினால் நாளைக்கு அது 5ல் 1 ஆகலாம். ‘இன்றைய தேதியில் பிரிந்தால்’ என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட முடியும்.

இதில் பெண் மக்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் இன்னமும் வருகிறார்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்குச் சம பாகம் உண்டு. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க, திருமணமானவர்களுக்கும். அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 2004 டிசம்பர் 20க்குள் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ பாகமாகிப் போனதை மட்டும் கிளற முடியாது.

தகப்பனார் தானே சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்த சொத்து வேறு. அங்கே வாரிசுகள் ஆளுக்கு ஒரு நிச்சயமான பாகத்தோடு இறங்குகிறார்கள்: அளவு உறுதி, இடம் பிரிபடாதது.

அடிக்கடி விட்டுப்போகும் ஆள் ஒருவர் உண்டு: அம்மா. ஒருவருக்குச் சொந்தமாக 4ல் 1 பிரிபடாத பாகம் இருக்கிறது. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், தன் தாயார், இத்தனை பேரை விட்டுவிட்டு உயில் இல்லாமல் இறந்துவிடுகிறார். எல்லாரும் மூன்றாக வகுப்பார்கள். தாயாரும் முதல் வகுப்பு வாரிசு, நான்காக வகுக்க வேண்டும். ஆளுக்கு 16ல் 1. பழைய பத்திரமாக இருந்தால் ‘வீசம் பாகம்’ என்று எழுதியிருப்பார்கள். அரைக்கால் என்றால் 8ல் 1, ஒரு மா என்றால் 20ல் 1, காணி என்றால் 80ல் 1. தாத்தா காலத்து மூலப்பத்திரத்தில் இந்தச் சொற்களைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் பாகம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

தாயாரின் வீசத்தை விட்டுவிட்டு எழுதிய கிரயத்தில், அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய மற்ற மக்கள் வந்து பாகம் கேட்பார்கள். கேட்பது நியாயம்.

ஜூன் 21

கூட்டுப் பட்டாவில் முதல் பெயராக இருந்தால் பெரிய பாகமா? இல்லை. கூட்டுப் பட்டாவில் பெயர்கள்தான் வரும், யாருக்கு எத்தனை என்று வராது. வரிசைக்கு மதிப்பில்லை.

ஜூன் 29

கிணறு பற்றிக் கேட்கிறார்கள். கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

எங்கள் பக்கம் பூமி பாகமானாலும் கிணறு பாகமாகாது. மூன்று பேருக்கும் பொதுவில் வைத்து முறை போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். பாகப் பத்திரத்தில் அது இப்படி வரும்: “மேற்படி கிணற்றில் பொதுவில் 3ல் 1 பாகமும், மோட்டார், பம்புசெட், மின் இணைப்பில் 3ல் 1 பாகமும், கிணற்றுக்குப் போய்வர வழி நடைப் பாத்தியமும், வாய்க்கால் பாத்தியமும் சகிதம்.”

என்னிடம் ஒரு தடவை ஒருவர் கிரயப் பத்திரத்தோடு வந்தார். வேறொரு இடத்தில் எழுதியது. தன் பாகத்துக்கு வந்த பூமி சுத்தமாக, எல்லையோடு, உட்பிரிவு எண்ணோடு எழுதப்பட்டிருந்தது. கிணறு பக்கத்துப் பங்காளியின் துண்டுக்குள் விழுந்திருந்தது. வாங்கியவரின் எல்லைக்குள் கிணறு இல்லாததால் எழுதியவர் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பூமி பிரிந்தது, எழுதினார்; கிணறு பிரியவில்லை, அதனால் அது பூமியோடு தானாக வரும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மஞ்சள் நட்டு, வாங்கியவரின் முறை வந்த அன்று பங்காளி மோட்டார் அறையைப் பூட்டிவிட்டார். ‘கிணற்றில் பாகம் எங்கே எழுதியிருக்கிறது, காட்டு’ என்று ஒரே கேள்வி. அந்த மனிதர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி என் முன்னால் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

விற்றவர் நல்ல மனிதர். கிணற்றுப் பாகத்துக்குத் தனியாக ஒரு கிரயம் எழுதிக் கொடுத்துச் சரி செய்தார். அவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகள் அத்தனை பேர் வீட்டுப் படியும் ஏறியிருக்க வேண்டும்.

ஆகவே பிரிந்த பூமியை வாங்கினாலும் அதோடு பிரிபடாதது எதுவெல்லாம் ஒட்டி வருகிறது என்று கேளுங்கள். கிணறு, பாதை, வாய்க்கால், களம், பொதுச்சுவர், தென்னை வரிசை.

ஜூலை 7

வீடு. அண்ணன் தம்பிகள் குடியிருக்கும் பூர்வீக வீட்டில் ஒரு தம்பியின் பிரிபடாத பாதியை வெளியாள் வாங்கினால், உள்ளே வந்து ஒரு அறையில் குடியேறலாமா? முடியாது. அதே 44ஆம் பிரிவு இங்கே கதவைச் சாத்துகிறது: பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில், வெளியாளுக்குக் கூட்டு அனுபவ உரிமை இல்லை. அவர் பாகம் கேட்டு வழக்குப் போடலாம். போட்டால், 1893ஆம் ஆண்டின் பாகப் பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவின்படி, அந்தக் குடும்பத்துப் பங்காளி, வெளியாளின் பாகத்தை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். காட்டில் ‘பிரிபடாத’ வாங்கியவருக்குக் கிடைப்பது வீட்டில் வாங்கியவருக்குக் கிடைக்காது. இரண்டையும் ஒரே விலைக் கணக்கில் பேசாதீர்கள்.

ஜூலை 15

கூர்ச்சீட்டு, அதாவது குடும்பத்துக்குள் பாகம் பிரித்து எழுதிக்கொள்ளும் தாள் பற்றி. பெரியவர்கள் முன்னிலையில் மூத்தவர் கூறு போட, இளையவர் முதலில் எடுத்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். கூறு போட்டவருக்கு மிச்சம் கிடைப்பதால் கூறுகள் சமமாகவே விழும், அழகான ஏற்பாடு. பிரச்சினை அதற்குப் பிறகு எழுதும் தாளில். ‘ஏற்கெனவே வாய்மொழியாகப் பாகமானதை ஞாபகத்துக்காகக் குறித்துக்கொள்கிறோம்’ என்றால் பதிவு தேவையில்லை. ‘இன்று முதல் இன்னாருக்கு இந்தத் துண்டு’ என்று அந்தத் தாளே பிரித்தால், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும். பதியவில்லை என்றால், பாகமானதற்கு ஆதாரமாக அதை நீட்ட முடியாது. வில்லங்கச் சான்றைப் பார்க்கிற வங்கிக்கும் வாங்குகிறவருக்கும் பூமி பிரிபடாதது போலத்தான் தெரியும்.

ஜூலை 30

முதலில் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மூத்தவரும் இளையவரும் பேச்சுக்கு உட்கார்ந்துவிட்டார்கள், சர்வேயரை வைத்து அளந்து பாகப் பத்திரம் போடச் சம்மதம். அளந்ததில் பூமி 1.17தான் இருக்கிறதாம். ‘எனக்கு 40 சென்ட் என்று எழுதியிருக்கிறதே’ என்கிறார். உங்களுக்கு விற்றது 3ல் 1. மூன்று சென்ட் குறைந்தால் மூவருக்கும் ஒரு சென்ட் குறையும். 39தான் வரும் தம்பி.

சாலை ஓரம் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. நடு அண்ணன் நெடுங்காலம் அந்தப் பகுதியைத்தான் உழுதார் என்றால் அதை எடுத்துச் சொல்லலாம். வழக்கானால்கூட நீதிமன்றம் அதைக் கவனிக்கும், கட்டாயம் இல்லை. மூவரும் சாலையைத் தொட வேண்டும் என்று மூத்தவர் சொன்னால் வடக்கு தெற்காக மூன்று நீளத் துண்டு போடலாம், அதில் ஒருவருக்கும் குறையில்லை.

சாலை ஓரம் ஒருவருக்கே என்று முடிவானால், மற்ற இருவருக்கும் பாதை விட வேண்டும். அந்தப் பாதையை யார் துண்டிலும் சேர்க்காதீர்கள். மூவருக்கும் பொதுவில் பிரிபடாதது என்றே எழுதி, அகலம் எத்தனை அடி, நீளம் எத்தனை அடி, டிராக்டர் போகலாமா, குழாய் பதிக்கலாமா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு அடிக்குக் குறையாமல் இருக்கட்டும், அறுவடை வண்டி திரும்ப வேண்டும். பத்திரம் பதிந்த கையோடு உட்பிரிவுக்கு மனு கொடுத்து, பாதைக்கும் தனி எண் வாங்கிவிடுங்கள்.